பிற்பகல் தேநீர்: கெண்டியில் வீணாகும் கொழுந்து

இங்கிலாந்தில் ஒரு தேநீர்க் கூடத்தில் பல ஆண்டுகளாகப் பரிமாறுகிறேன். புதிதாகச் சேருகிறவர்கள், முதல் ஆண்டில் நான் செய்த பிழைகளை அப்படியே செய்கிறார்கள். கோப்பை உடைவதும் விரிப்பில் கறை படிவதும் பழகப் பழகக் குறைந்துவிடும். கீழே உள்ளவை யாராவது எடுத்துச் சொன்னால்தான் திருந்தும்.

இலையைக் கெண்டிக்குள்ளேயே விடுவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

பிற்பகல் தேநீர் ஒரு கோப்பையோடு எழுந்து போகிற காரியம் இல்லை. 1840 வாக்கில், இரவு உணவு எட்டு மணிக்கு என்றிருந்த வீட்டில், மாலைப் பசி தாளாமல் பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா தேநீரும் ரொட்டியும் வரவழைத்துத் தோழியரையும் கூப்பிட்டார் என்பார்கள். அன்று முதல் அது உட்கார்ந்து பேசும் பொழுது. பேச்சு ஒன்றரை மணி நேரம் நீளும். தேயிலைக்கோ நான்கு நிமிடம் போதும். அதற்குமேல் இலை நீரில் கிடந்தால் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது கோப்பையில் நாக்கு உலர்ந்து சுருங்கிவிடும்.

ஒருமுறை ஆறு பேர் கொண்ட பிறந்தநாள் மேசைக்குப் பெரிய கெண்டியில், இலங்கை மலைநாட்டின் ஊவாப் பகுதியில் விளையும் ஊவாத் தேயிலை போட்டுக் கொடுத்தேன். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்த மலைகளில் வீசும் வறண்ட காற்று தரும் மணம் அதற்கு உண்டு. அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால் ஆறு கோப்பையும் பாதியில் நின்றன. வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன்; நீர்த்துப்போனதே தவிர, போன மணம் திரும்பவில்லை. தேநீருக்கான பணத்தை வாங்காமல் அனுப்பினோம். பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. என் அம்மாயி ஊவாத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். கூடை நிறைய அவர் எவ்வளவு நேரம் சரிவில் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு கெண்டியில் ஊறவைத்து, சூடேற்றிய இன்னொன்றில் வடித்துத்தான் மேசைக்குக் கொண்டுபோகிறேன். சிலர் தேநீர் ஊறவைக்கும் முறைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 3103-ஐக் காட்டி, 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம், ஆறு நிமிடம் என்று வாதிடுகிறார்கள். அது சுவைஞர்கள் தேயிலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவு. விருந்தினருக்கு ஊற்ற அல்ல.

பிற்பகல் தேநீரை ‘ஹை டீ’ என்று அழைப்பது

‘ஹை டீ’ என்பது உழைக்கும் மக்கள் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் இறைச்சியும் ரொட்டியுமாக உண்ட மாலை உணவு. பெயரைக் கேட்டு ஆடம்பரம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஸ்கோனைக் கத்தியால் அறுப்பது

வேண்டாம். ஸ்கோன் மென்மையான சிறு ரொட்டி; கையால் பிளந்தாலே போதும்.

ஜாம் முதலிலா, கிரீம் முதலிலா

ஸ்கோன்மேல் முதலில் தடவுவது இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கிரீம், பக்கத்துக் கார்ன்வாலில் ஜாம். விருந்தினரைத் திருத்தாதீர்கள்.

வெள்ளரி சாண்ட்விச்

வெள்ளரியில் உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, நீரை ஒற்றி எடுங்கள். வெண்ணெயை ரொட்டியின் ஓரம்வரை தடவுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும், மேசைக்குப் போவதற்குள் ரொட்டி நனைந்துவிடும்.