தாஸ்காவில் கை, கால், வாய் நோய்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் புதிதாகத் தாஸ்கா, அதாவது பிள்ளைகள் பராமரிப்பு மையம், திறப்பவர்கள், பிள்ளைகளுக்குக் கொப்புளம் கண்டதும் செய்யும் தவறுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. இருமினால் வாயை மூடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

சானிடைசரை நம்புவது

இந்த நோயைத் தரும் முக்கியக் கிருமிகளான காக்ஸாக்கி ஏ16, என்டரோவைரஸ் 71 இரண்டுக்கும் கொழுப்பு உறை கிடையாது. அந்த உறையைக் கரைப்பதில்தான் ஆல்கஹால் கெட்டி. இங்கே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

குளோராக்ஸ் பிளீச்சைக் கண்ணளவில் ஊற்றுவது

எரிச்சலைக் கிளப்புவது இதுதான். வாளியில் கொஞ்சம் ஊற்றி, பால் பிசுக்கு ஒட்டிய பொம்மையைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்து, ஈரம் காயுமுன் அடுத்த பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறார்கள். எச்சிலும் பிசுக்கும் இருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே தீர்ந்துபோகும், கிருமி தப்பித்துக்கொள்ளும். முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி அலசுங்கள். பிறகு, 5 விழுக்காட்டு வாசனையில்லாத பிளீச் 20 மில்லி, அதாவது நான்கு தேக்கரண்டி, 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில். சுடுதண்ணீர் வேண்டாம். 10 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். பம்பர்ஸ் மாற்றும் மெத்தையையும் கழுவிவிட்டு, இதே கலவையால் 10 நிமிடம் ஈரமாகவே வைத்துத் துடைக்க வேண்டும். நேற்றைய கலவை மூக்கில் ஏறினாலும் கீழே ஊற்றுங்கள், தினமும் புதிது. கழிவறை கழுவும் அமிலத்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

புண் ஆறியதும் நோய் போய்விட்டது என்பது

மலத்தில் கிருமி பல வாரம் வெளியேறும். ஒவ்வொரு பம்பர்ஸுக்குப் பிறகும் ஆயா கை கழுவியே ஆக வேண்டும்.

ஆஸ்பிரின்

கொடுக்காதீர்கள்.

அம்மை என்று வீட்டோடு வைப்பது

வேப்பிலை வையுங்கள், யார் தடுத்தது? கிளினிக்குக்கும் போங்கள். சின்னம்மை நெஞ்சிலும் முதுகிலும் அதிகம் வரும், அரிக்கும். கை, கால், வாய் நோய் பெரும்பாலும் உள்ளங்கை, பாதம், வாய்க்குள், பிட்டம். பலருக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாக ஆறிவிடும். ஆனால் தூக்கத்தில் உடம்பு திடுக்கிட்டுத் தூக்கிப்போடுவது, ஓயாத வாந்தி, நடையில் தள்ளாட்டம், எழுப்பினாலும் துவண்டு விழுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத்தான். கொப்புளம் குறைவாக இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். 1997இல் சரவாக்கில் இந்த நோய் பரவியபோது சிறு பிள்ளைகள் பலர் இறந்தார்கள்.

மறைப்பது

1988ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் மருத்துவர்கள் அறிவிக்க வேண்டிய நோய் இது. எப்படியும் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: எந்த அறை, எந்தத் தேதி. பிள்ளையின் பெயர் வேண்டாம்.