மெட்ரிக்கைப் பார்த்து எது காலம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

மெட்ரிக் என்பது இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கணக்கிடும் சூத்திரம். சார்பியல் வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: எழுத்தைப் பார்க்காதீர்கள், அதன் முன்னால் உள்ள கூட்டல், கழித்தல் குறியைப் பாருங்கள். ‘டி’ (t) என்று எழுதியிருப்பதாலேயே ஒன்று காலம் ஆகிவிடாது.

முதலில் ஈர்ப்பு இல்லாத கணக்கு. 1908-ல் கொலோன் நகரில் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி விளக்கிய, இடமும் காலமும் சேர்ந்த காலவெளி இது. இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒளி போகும் தூரத்தின் வர்க்கத்தை அதிலிருந்து கழியுங்கள். யார் எந்த வேகத்தில் போய்க்கொண்டே அளந்தாலும் விடை ஒன்றே.

சூரியனில் ஒரு வெடிப்பு. 5 நிமிடம் கழித்துப் பூமியில் ஒரு குழந்தை தும்முகிறது. தூரம் 15 கோடி கி.மீ.; 5 நிமிடத்தில் ஒளி போவது 9 கோடி. 225 − 81 = 144. விடை நேர்க்குறி என்றால் இடைவெளி இடவகை. ஒளிகூட அதற்குள் வந்து சேராது என்பதால், அந்த வெடிப்பு தும்மலுக்குக் காரணமாக இருக்கவே முடியாது. எது முந்தியது என்பதுகூட அளப்பவரின் வேகத்தைப் பொறுத்தது.

அப்புறம், தும்மலைக் கிட்டத்தட்ட 14-ஆவது நிமிடத்துக்குத் தள்ளுங்கள். ஒளி போவது 25 கோடி. 225 − 625 = −400. எதிர்க்குறி, காலவகை. 400-இன் வர்க்கமூலம் 20 கோடி கி.மீ.; அதை ஒளிவேகத்தால் வகுத்தால் சுமார் 11 நிமிடம். வெடிப்பில் கிளம்பிச் சீரான வேகத்தில் தும்மலுக்கு வந்து சேரும் கடிகாரம் காட்டுவது இந்த 11 நிமிடத்தைத்தான். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இது.

சில புத்தகங்களில் குறிகள் தலைகீழாக இருக்கும். கவலை வேண்டாம். இடத்துக்கு மூன்று, காலத்துக்கு ஒன்று என மொத்தம் நான்கு குறிகள்; அவற்றில் எது தனியாக நிற்கிறதோ அதுவே காலம்.

சரி, கருந்துளைக்கு வருவோம். கருந்துளையை விவரிக்கும் சுவார்ட்ஸ்சைல்டின் 1916 தீர்வில், ‘ஆர்’ (r) மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைக் குறிக்கிறது; எல்லை ஆரம் என்பது உள்ளே போனால் ஒளிகூட வெளியேற முடியாத எல்லையின் ‘ஆர்’. ‘டி’யின் கெழு, அதாவது அதன் வர்க்கத்தைப் பெருக்கும் எண், ஒன்றிலிருந்து எல்லை ஆரத்துக்கும் ‘ஆர்’க்கும் உள்ள விகிதத்தைக் கழித்து, முன்னால் எதிர்க்குறி போட்டது. ‘ஆர்’இன் கெழு அதே கழித்தலின் தலைகீழி, எதிர்க்குறி கிடையாது. சூரியன் அளவு நிறைக்கு எல்லை சுமார் 3 கி.மீ. ‘ஆர்’ 6 கி.மீ. என்று போட்டால் ‘டி’க்கு −½, ‘ஆர்’க்கு +2. வழக்கம்போலத்தான். 1.5 கி.மீ. என்று போடுங்கள்: ‘டி’க்கு +1, ‘ஆர்’க்கு −1! திசையைக் குறிக்கும் மீதி இரண்டு கோணங்களும் மாறாமல் நேர்க்குறியிலேயே இருக்கின்றன. உள்ளே ‘ஆர்’தான் காலம். விழுந்தவருக்கு ‘ஆர்’ குறைவதைத் தடுக்க முடியாது, நாளை வருவதைத் தடுக்க முடியாததைப் போல.

இந்த முறை எங்கே காலை வாரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெட்ரிக்கில் ‘டி’யும் ‘ஆர்’உம் பெருக்கிய கலப்பு உறுப்பு இருந்தால், மூலைவிட்டக் குறிகளை, அதாவது ‘டி’, ‘ஆர்’ ஆகியவற்றின் சொந்தக் கெழுக்களின் குறிகளை, மட்டும் பார்க்கக் கூடாது. 1920-களின் தொடக்கத்தில் பென்லவே, குல்ஸ்ட்ராண்ட் என்ற அறிஞர்கள் இதே கருந்துளையை வேறு ஆயங்களில் (இடத்தையும் காலத்தையும் குறிக்கும் எண்களில்) எழுதினார்கள். அதில் 1.5 கி.மீ.இல் மூலைவிட்டத்தில் இரண்டுமே +1. அப்படியானால் காலம் எங்கே போயிற்று? கலப்பு உறுப்பு √2. இரண்டுக்கு இரண்டு அணிக்கோவையைக் கணக்கிடுங்கள், அதாவது மூலைவிட்ட எண்களின் பெருக்கத்திலிருந்து கலப்பு உறுப்பின் வர்க்கத்தைக் கழியுங்கள்: 1 − 2 = −1. அணிக்கோவை எதிர்க்குறி என்றால் ‘டி’யும் ‘ஆர்’உம் கலந்த ஏதோ ஒரு திசை நிச்சயம் காலவகை.

சரியாக 3 கி.மீ.இல் பழைய ஆயங்களில் ஒரு கெழு பூஜ்யமாகும், இன்னொன்று முடிவிலிக்கு ஓடும். புதிய ஆயங்களில் அங்கேயும் அணிக்கோவை −1-தான். சிக்கல் ஆயங்களில் இருந்ததே தவிர, காலவெளியில் இல்லை.