பழைய அம்பாசிடருக்கு டிஸ்க் பிரேக் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேக் பிடிக்கவில்லை என்றதும் டிஸ்க்குக்குத் தாவுவதுதான் முதல் தவறு. நாலு சக்கரத்திலும் டிரம் உள்ள அம்பாசிடரில் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டிருப்பார்கள், ஷூ மேல் ஒட்டிய லைனிங்கில் கிரீஸ் ஊறியிருக்கும், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும். இவற்றைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்த பிறகும் டிஸ்க் வேண்டும் என்றால் போடலாம்.

டிரம்மில் ஒரு வசதி உண்டு. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். காலுக்குப் பாதி வேலை மிச்சம். டிஸ்க்கில் அந்த இழுப்பு கிடையாது. வேக்குவத்தால் (காற்று உறிஞ்சலால்) மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் மாட்டினால் பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி சட்டென்று நிற்காது. டீசல் வண்டியானால் இன்ஜினிலிருந்து போதிய வேக்குவம் கிடைக்காது. வேக்குவம் பம்ப் பொருத்திய ஆல்டர்னேட்டரும் தேவை.

அதிகம் சொதப்புவது, பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில்தான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் பெரியது, அதற்கு ஆயிலும் கூடுதலாக வேண்டும். டிரம்முக்கு இருந்த சின்ன சிலிண்டரையே விட்டால் பெடல் தரைவரை போகும். "பெருசாப் போட்டுடலாம்" என்பதும் கண்மூடித்தனம். 7/8 அங்குல போரிலிருந்து (உள்விட்டத்திலிருந்து) 1 அங்குலத்துக்குப் போனால், அதே மிதிக்கு லைனில் வரும் அழுத்தம் சுமார் 23 சதவீதம் குறையும். காலிப்பரையும் மாஸ்டர் சிலிண்டரையும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக எடுப்பதே பிழைக்கும் வழி. மாற்றுவதே மாற்றுகிறீர்கள், ஆயில் வழி இரண்டாகப் பிரிந்த இரட்டை சர்க்யூட் உள்ளதாகப் போடுங்கள். ஒற்றை சர்க்யூட்டில் ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு.

டிரம் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் செக் வால்வு இருக்கும். அது முன் லைனில் தங்கிவிட்டால் காலிப்பரில் உள்ள பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். முன்பக்கம் எடுத்துவிட்டு, பின் டிரம்முக்கு மட்டும் வையுங்கள். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும் முன் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு.

மரை விஷயம் ஆபத்தானது. பிரிட்டிஷ் வழி வந்த பழைய பைப் நட் 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. புதிய பாகங்களில் பெரும்பாலும் எம்10, அதாவது 10 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளி. பழைய நட் புதிய ஓட்டைக்குள் லொடலொட என்று ஏறி, கடைசியில் இறுகியது போலக் காட்டும். அவசரமாக மிதிக்கும் நாளில் மரையை உருவிக்கொண்டு வெளியே வரும். கையால் ஏற்றும்போதே ஆட்டம் இருந்தால் வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் பக்கெட் வாஷரை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவவே கூடாது, ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலால் கழுவினால் போதும். டாட் 4 ஊற்றும் லைனில் சிலிகான் வகையான டாட் 5 கலக்கக் கூடாது.

லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கிறதா? காற்று வெளியேறும் நிப்பிள் காலிப்பரில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். இடது வலது காலிப்பர் மாறிப்போனால் நிப்பிள் கீழே வந்துவிடும், காற்று மேலேயே தங்கிவிடும்.

முன்பக்கம் மட்டும் மாற்றியதும் பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுழலும். ஈரமில்லாத காலி இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் சோதித்து, தேவையானால் பின் லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு போடுங்கள்.

கடைசியாக, பெடலின் மிதியை மாஸ்டர் சிலிண்டருக்குக் கடத்தும் புஷ் ராடுக்கும் அதன் பிஸ்டனுக்கும் இடையே 1 மி.மீ. அளவாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஆயில் டேங்குக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். கிளம்பும்போது எல்லாம் சரியாக இருக்கும். நாலைந்து கிலோமீட்டரில் ஆயில் சூடேறி விரிந்து பெடல் மேலே வந்து இறுகும், சக்கரம் தானாகப் பிடிக்கும். அப்போது காலிப்பரைக் கழற்றாதீர்கள், புஷ் ராடைக் குறையுங்கள்.