வைப்பர் தண்ணீருக்கு ஏசி தண்ணீர்

கார் கண்ணாடி கழுவும் டேங்கில் போர் தண்ணீரை ஊற்றாமல், வீட்டு ஏசியின் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு கார் ஷாம்பு கலந்தால் போதும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், நுரை அடங்காது.

போர் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள்தான் கண்ணாடியில் வெள்ளைத் திட்டாகக் காய்கின்றன. பானெட் மேல் தண்ணீர் பீய்ச்சும் ஊசித் துளையையும் அடைக்கின்றன. ஏசி தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, அதில் இந்த உப்புகள் கிட்டத்தட்ட இல்லை. சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடினாலே டேங்க் நிரம்பும் அளவு கிடைத்துவிடும். ஆர்ஓ கழிவுநீர் இதற்கு ஆகாது, அதில் உப்பு இன்னும் கூடுதல்.

சர்வீஸ் செய்யாத ஏசியில் வழவழப்பாக வரும் தண்ணீரைத் தொடாதீர்கள். பிடித்ததை நாள்கணக்கில் சேர்த்து வைத்தாலும் நாறும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் உறையாத வாஷர் திரவமே வாங்கி ஊற்றலாம். அப்புறம், மூடியில் வைப்பர் படம் இருக்கிறதா என்று பார்த்து ஊற்றுங்கள். பக்கத்திலேயே இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பாவும் இருக்கும்.