மழை நாளில் எந்தக் குகைக்குள் இறங்கலாம்? யார்க்‌ஷயர் டேல்ஸில் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க்‌ஷயர் டேல்ஸ், சுண்ணாம்புப் பாறைக் குகைகளுக்குப் பெயர் பெற்ற இடம். ஓயாத மழைக்கும் அதே அளவு பெயர் பெற்ற இடம். துளி மழையில்லாத சனிக்கிழமைக்காகக் காத்திருப்பவர் அங்கே ஆண்டு முழுவதும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே மழை பெய்யுமா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், பெய்கிற மழை எந்த வழியாக எந்தக் குகைக்குள் போய்ச் சேரும் என்று கணிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அனுபவமுள்ளவர்களுடன் இரண்டு மூன்று முறை குகைக்குள் சென்று வந்து, அடுத்த பயணத்திற்கான குகையைத் தாமே தேர்ந்தெடுக்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கயிற்றில் இறங்கும் முறை, விளக்கு, உடை ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

படி 1: குகையைப் பார்க்கும் முன் மலையைப் பாருங்கள்

டேல்ஸில் உள்ள இங்கிள்பரோ மலையின் உயரம் 723 மீட்டர். அதன் மேற்சரிவுகளில் நீரில் கரையாத பாறைகளும், அவற்றின்மேல் பீட் எனப்படும் கரிய மக்கு மண்ணும் படிந்திருக்கின்றன. அங்கே விழும் மழை ஆழமாக இறங்க வழியின்றிச் சிற்றோடைகளாகத் திரண்டு கீழே ஓடி, சுண்ணாம்புப் பாறை தொடங்கும் விளிம்பை எட்டியதும் அங்குள்ள துளைகளில் விழுந்து மறைந்துவிடுகிறது. இதன் மிகப் பெரிய காட்சி கேப்பிங் கில். ஃபெல் பெக் என்ற ஓடை அங்கே ஏறத்தாழ 98 மீட்டர் நேராக மண்ணுக்குள் விழுந்து, மலையின் வயிற்றுக்குள் நெடுந்தூரம் பயணம் செய்து, கிளாப்பம் ஊருக்கு மேலே இங்கிள்பரோ குகையின் அருகில் மீண்டும் வெளிச்சத்துக்கு வருகிறது. நீங்கள் நிற்கும் குகை வாயிலில் வெயில் அடிக்கலாம். உங்களுக்கு வெகு மேலே மலைச்சரிவில் பெய்து முடித்த மழை அந்நேரத்தில் உள்ளே வந்துகொண்டிருக்கலாம்.

1:25,000 அளவுத்திட்ட வரைபடம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர கிலோமீட்டர். குகை வாயிலில் விரலை வைத்து, அங்கே வந்து சேரும் ஓடைகளை மேல்நோக்கித் தொடருங்கள். மலை முகடு வரை எத்தனை கட்டங்களைக் கடக்கிறீர்கள் என்று எண்ணினால், அந்தக் குகையின் நீர்ப்பிடிப்புப் பகுதி தோராயமாகப் புலப்படும். ஒரு கட்டத்தின்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு கோடி லிட்டர், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் எண்ணூறுக்கு மேல். அதில் பாதி மண்ணில் தங்கிவிட்டாலும், மிச்சம் உங்கள் முழங்கால் உயரத் தவழ்வழியில்தான் வந்தாக வேண்டும்.

வரைபடத்தில் மேலே நீர்த்தேக்கம் இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நிடர்டேல் பள்ளத்தாக்கில் உள்ள கோய்டன் பாட், மான்செஸ்டர் ஹோல் ஆகிய குகைகளுக்கு மேலே ஸ்கார் ஹவுஸ் நீர்த்தேக்கம் இருக்கிறது. அது நிறையாதவரை மழையின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பி மறுகால் பாயத் தொடங்கிவிட்டாலோ, மேலே பெய்யும் ஒவ்வொரு மழையும் ஆற்றில் இறங்கி, ஆற்றோடு குகைக்குள்ளும் வரும். 2005 நவம்பரில் பள்ளிச் சுற்றுலாவாக மான்செஸ்டர் ஹோலுக்குள் சென்ற 14 வயது மாணவர் ஒருவர் வெள்ளத்தில் உயிரிழந்தார். நிடர்டேலுக்குப் போவதாக இருந்தால் நீர்த்தேக்கம் வழிகிறதா என்பதை முதலில் பாருங்கள். வழிகிறது என்றால் வேறு பள்ளத்தாக்கைத் தேடுங்கள்.

படி 2: முன்னறிவிப்போடு கடந்த மூன்று நாள் மழையையும் பாருங்கள்

காய்ந்த பஞ்சும் நனைந்த பஞ்சும் ஒரே அளவு நீரை உறிஞ்சுவதில்லை. பீட் மண்ணும் அப்படித்தான். ஒரு வாரம் வறண்டிருந்த பின் பெய்யும் 10 மில்லிமீட்டர் மழையை அது பெரும்பாலும் குடித்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து நனைந்த பின் பெய்யும் அதே 10 மில்லிமீட்டரை அப்படியே ஓடையில் கொட்டிவிடும். ஆகவே பயண நாளின் முன்னறிவிப்பை மட்டும் பார்ப்பது பாதி வேலைதான். ஆறுகளின் நீர்மட்டம் இணையத்தில் உடனுக்குடன் வெளியாகிறது. உங்கள் பள்ளத்தாக்கின் ஆறு ஏற்கெனவே உயர்ந்திருக்கிறதா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்று வெள்ளிக்கிழமை இரவும் சனிக்கிழமை காலையும் பார்த்துவிடுங்கள். குளிர்காலமாக இருந்தால் மலைமேல் பனி கிடக்கிறதா என்றும் விசாரியுங்கள். வெதுவெதுப்பான காற்றோடு மழை வந்தால் பனியும் சேர்ந்து உருகி இறங்கும்.

கோடை என்றால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் தொடக்கநிலையாளருக்குக் கோடை இடிமழைதான் மிகவும் ஆபத்தானது. எந்தக் குன்றின்மேல் எந்த நேரத்தில் கொட்டும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, கொட்டினால் ஒரு மணி நேரத்தில் ஓடை நிறம் மாறிவிடும். கிராசிங்டனுக்கு மேலே உள்ள மாஸ்டேல் குகைக்குள் 1967 ஜூன் 24 அன்று பத்துப் பேர் இறங்கினார்கள். நால்வர் முன்னதாக வெளியே வந்தார்கள். எஞ்சிய ஆறு பேர், தலை தூக்க முடியாத நீண்ட தவழ்வழிகளுக்கு அப்பால் இருந்தபோது ஓடை பெருகி வந்தது, அறுவரும் இறந்தார்கள். பிரிட்டனின் குகைப் பயண வரலாற்றில் அதுவே மிகப் பெரிய உயிரிழப்பு.

நாட்காட்டியை மட்டும் நம்புவதும் போதாது. தாய்லாந்தின் தாம் லுவாங் குகை வாயிலில் ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ளக் காலம் என்ற எச்சரிக்கைப் பலகை இருந்தது. 2018இல் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் உள்ளே சென்றது ஜூன் 23 அன்று.

படி 3: வெளியேறும் வழியில் இருந்து தேர்வைத் தொடங்குங்கள்

குகை எவ்வளவு அழகானது, எவ்வளவு நீளமானது என்றெல்லாம் வழிகாட்டி நூல்களில் படிப்போம். மழைக்காலப் பயணத்திற்கு அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். குகையின் வரைபடத்தை எடுத்து, உள்ளே இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, வாயிலை நோக்கித் திரும்பி வாருங்கள். வரும் வழியில் கூரை தாழ்ந்து நீரைத் தொடும் இடம் எது? அருவிக்கு நேர் கீழே ஏற வேண்டிய இடம் எது? ஓடையைத் தவிர வேறு தளமே இல்லாத பகுதி எவ்வளவு தூரம்? இவற்றில் ஒன்று வாயிலுக்கு அருகில் இருந்தாலும், உள்ளே எவ்வளவு விசாலமான மண்டபம் இருந்தாலும் மழை நாளில் அது பூட்டிய அறைதான்.

குகைப் பயணிகள் சம்ப் என்று சொல்வது, கூரை வரை நீர் நிறைந்து மூச்சு விட இடமில்லாத பகுதியை. நம் வீட்டு முற்றத்துச் சம்ப் நிரம்பி மூடியைத் தொடுவதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். வறண்ட நாளில் கூரைக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியோடு இருக்கும் குளம், மழை நாளில் சம்ப் ஆகிவிடலாம். கிங்ஸ்டேல் பள்ளத்தாக்கில் வேலி என்ட்ரன்ஸ் (Valley Entrance) எனப்படும் குகை வழி இதற்கு நல்ல பாடம். உள்ளே கம்பீரமான நீர்ப்பாதைக்கு எளிதாகக் கொண்டு சேர்க்கும் அந்த வழியின் தாழ்ந்த பகுதி கனமழைக்குப் பின் மூடிக்கொள்ளக்கூடியது.

இனி, தொடக்கநிலையாளர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் குகைகளுக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பல ஓடைக் குகைகள். ரிபிள்ஸ்டேலில் உள்ள லாங் சர்ன், சேப்பல்-லெ-டேலில் உள்ள கிரேட் டவுக் இரண்டும் கயிறு அதிகம் தேவைப்படாதவை, நடக்க இடமுள்ளவை, சிறுவர்களையும் அழைத்துச் செல்லக்கூடியவை. அதனாலேயே ‘எளிய குகை’ என்ற பெயர் வந்துவிட்டது. அந்த எளிமை வறண்ட நாளுக்கு மட்டும் உரியது. இரண்டும் நீர் ஓடுகிற பாதைகள், மழைக்கு விரைவாகப் பெருகுபவை. தூறல்தானே என்று அவற்றுக்குள் போவதை நான் ஏற்பதில்லை. முன் மூன்று நாள் வறண்டிருந்து, அன்று சிறு மழை மட்டும் என்றால், அனுபவமுள்ள ஒருவர் உடனிருக்க, குறுகிய நேரத்திற்குப் போய் வரலாம்.

மழை நாளுக்கு ஏற்றவை, நீர் கைவிட்டுப் போன பழைய மேல்தளப் பாதைகள். காலப்போக்கில் ஓடை கீழே புதிய வழி அறுத்துக்கொண்டதால் வறண்டுவிட்ட அவற்றைப் புதைபடிவப் பாதைகள் என்பார்கள். சவுத் வேல்ஸில் உள்ள ஓகோவ் ஃபுன்னான் தீயின் மேல் வாயில் பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதே குகையின் கீழ் நீர்ப்பாதை வெள்ளத்தில் கொல்லக்கூடியது. மேல்தளங்களிலோ வெளியே கொட்டும் மழை தெரியவே தெரியாது. ஆனால் அது வழி குழப்பும் ஒரு புதிர்ப்பாதை. அனுமதி பெற வேண்டும், வழி தெரிந்தவர் உடன் வர வேண்டும். இன்னும் எளிதானது சாமர்செட்டில், மெண்டிப் குன்றுகளின் பரிங்டன் கூம்பில் உள்ள கோட்சர்ச் கேவர்ன். சுற்றுலாக் குகையாக்க முயன்று கைவிடப்பட்ட அந்தக் குகையின் பெரும்பகுதி வறண்டது. முதல் முறை தவழ்பவர்களுக்கு மழை நாளில் நான் தயக்கமின்றிச் சொல்லும் பெயர் அதுதான். டேல்ஸுக்குள்ளேயே வேண்டுமானால் செல் கில் ஹோல்ஸில் நீர் விழும் வழிக்கு அருகில் வறண்ட வழி ஒன்று உண்டு. கயிற்றில் இறங்கி ஏறத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் தெரியாத குழு என்றால், 1860 வாக்கில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் கண்டெடுத்த ஸ்டம்ப் கிராஸ் கேவர்ன்ஸுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புத் தொங்கல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 4: குகைச் சுவர்களைப் படியுங்கள்

வாயிலை அடைந்ததும் ஐந்து நிமிடம் நின்று ஓடையைப் பாருங்கள். பீட் மண் கரைந்த நீர் எப்போதுமே இளம் டீ நிறத்தில்தான் இருக்கும். கலங்கி, பழுப்பு நுரையைத் திரட்டிக்கொண்டு, புல் துணுக்குகளை இழுத்துக்கொண்டு வந்தால் அது ஏறுகிற நீர். உள்ளே சென்றதும் விளக்கைக் கூரைக்குத் திருப்புங்கள். கூரைப் பிளவில் ஒரு சிறு வைக்கோல் துண்டு சிக்கியிருந்தால், என்றோ ஒரு நாள் நீர் அதுவரை வந்திருக்கிறது. உலர்ந்த நுரை சோப்புக் கறைபோல் சுவரில் ஒட்டியிருக்கும். அந்தக் கோட்டிற்கு மேலே உட்கார இடம் உண்டா என்று பார்த்துக்கொண்டே செல்லுங்கள். சேறு இருந்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். தரையில் சேறு இருந்தால் வேகமான நீர் அண்மையில் ஓடவில்லை என்று கொள்ளலாம்; கூரையிலும் மெல்லிய சேறு பூசியிருந்தாலோ, வெள்ளம் அங்கே தேங்கி நின்றிருக்கிறது.

நீர் ஏறுகிறதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், இப்போது வேண்டாம் என்று சொல்லும் அதே கிரேட் டவுக்குக்குள், லேசான மழைக்குப் பின் நாங்கள் நால்வர் சென்றோம். வாயிலில் சிறு அருவியாய் விழும் ஓடையைக் கடந்து, உள்ளே நேரான ஒரு பகுதியில், நீர் விளிம்பைத் தொடும்படி ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை வைத்தேன். இருபது நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்க்கையில் கல் நான்கு விரல் ஆழத்தில் கிடந்தது. ஓடையின் சத்தத்தில் எங்களுக்கு எந்த வேறுபாடும் தெரிந்திருக்கவில்லை. பேசாமல் வெளியே வந்தோம். வெளியில் மழை நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது. மலை தன் நீரை அனுப்பிவைக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அதன் பின் கல் வைக்காமல் எந்த ஓடையையும் தாண்டுவதில்லை.

படி 5: வழி அடைபட்டால்

ஏறுகிற நீருக்குள் புகுந்து வெளியேற முயல்வதே பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் முடிவாகிறது. நுரைக்கோட்டிற்கு மேலே, காற்று வீசாத இடத்தில், கயிற்றுப் பையின்மேல் நெருங்கி உட்காருங்கள். ஒரு விளக்கை மட்டும் எரியவிடுங்கள். டேல்ஸில் குகைக்குள் வெப்பநிலை ஏறத்தாழ 8 அல்லது 9 டிகிரி செல்சியஸ்தான். ஆகவே உலர்ந்த மேலாடை ஒன்றும், இனிப்புப் பண்டமும், நீர் புகாத பையும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். இங்குள்ள குகைகளில் வெள்ளம் விரைவாக ஏறுவதுபோல் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியவும் செய்யும்.

படி 6: இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்

எந்தக் குகை, எந்த வாயில், எத்தனை பேர், கார் நிற்கும் இடம், இத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் 999ஐ அழைத்துக் காவல்துறையிடம் குகை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும் என்பதை வெளியில் இருக்கும் ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள். காலையில் குகையை மாற்றினால் அதையும் உடனே தெரிவியுங்கள். 1935 முதல் இயங்கிவரும், கிளாப்பத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீட்புக் குழு தன்னார்வலர்களால் ஆனது. தவறான குகையைத் தேடி அவர்களை அலையவிடக்கூடாது. கடைசியாக, கிங்ஸ்டேல் போன்ற பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது அரிது. வெளியே வந்து, உடை மாற்றி, இங்கிள்டன் வரை காரோட்டிச் சென்றுதான் வந்துவிட்டோம் என்று சொல்ல முடியும் என்பதால், குறித்துக் கொடுக்கும் நேரத்தில் அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.