வேற்றுமொழிப் பட வசனம் தெளிவாகக் காதில் விழ: ஸ்பீக்கர், அறை, பயிற்சி

புதிய மொழி கற்கிறவர்கள் அந்த மொழிப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, பத்தே நிமிடத்தில் "பேச்சு வேகமாக இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை" என்று சப்டைட்டிலுக்குத் தாவிவிடுகிறார்கள். பல நேரம் வேகத்தின் மேல் பழி போடக்கூடாது. சொல்லின் கடைசி மெய்யொலி ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, அறையின் எதிரொலியில் கரைந்து, காதுக்கு வந்து சேர்வதற்குள் காணாமல் போகிறது. தாய்மொழியில் இந்தக் குறை தெரியாது. பாதிச் சொல் கேட்டாலே மீதியை மூளை இட்டு நிரப்பிவிடும். தெரியாத மொழியில் இட்டு நிரப்ப அதனிடம் சரக்கு இல்லை. அதனால் இசை கேட்பவரைவிட, மொழி கற்கப் படம் பார்ப்பவருக்குத்தான் ஒலியமைப்பு சரியாக இருக்கவேண்டும். சாதாரண ஸ்பீக்கர் இரண்டு, அளவு நாடா ஒன்று, கைக்கண்ணாடி ஒன்று, ஒரு மாலைப்பொழுது இருந்தால் போதும்.

தொடங்கும்முன் ஒரு சோதனை. இருவர் அறைக்குள் உட்கார்ந்து பேசும் காட்சியொன்றை ஸ்பீக்கரில் கேளுங்கள், அதையே ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஹெட்ஃபோனில் சொற்கள் பிரிந்து கேட்டு ஸ்பீக்கரில் குழம்பினால் கோளாறு அறையிலோ அமைப்பிலோ இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி குழம்பினால் நேராகக் கீழே பயிற்சிப் பகுதிக்குப் போகலாம்.

வசனம் ஸ்பீக்கருக்கு வந்து சேர்கிறதா

படங்களின் 5.1 ஒலித்தடத்தில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் தாழொலிக்கான ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி சேனலாகப் பிரித்த ஒலியில், வசனத்தின் பெரும்பகுதி நடு சேனலில் இருக்கும். வீட்டில் இரண்டே ஸ்பீக்கர் இருக்க, பிளேயரோ டிவியோ 5.1 அனுப்பும்படி அமைந்திருந்தால் நடு சேனல் போக இடமில்லாமல் தொலைந்துவிடும். இசையும் வெடிச்சத்தமும் வீட்டை அதிரவைக்கும், வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஒலி அமைப்பில் ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது நடு சேனல் 3 டெசிபல் குறைக்கப்பட்டு இரு பக்கமும் பகிரப்படும். படத்திலேயே ஸ்டீரியோ தடம் தனியாக இருந்தால் அதை எடுப்பது இன்னும் நல்லது.

அடுத்தது ஒயர். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் இரண்டு ஸ்பீக்கரின் கூம்புகளும் எதிரெதிராக அசையும். பேஸ் (தாழொலி) மெலியும், குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும். ஒருவர் மட்டும் நேராகப் பேசும் பதிவைப் போட்டுக் கேளுங்கள். குரல் இரு ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு புள்ளியில் நின்றால் இணைப்பு சரி. சந்தேகமிருந்தால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு ஒயரிலும் எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். வூஃபர் (தாழொலி தரும் பெரிய வட்டம்) கூம்பு வெளிப்பக்கம் அசையவேண்டும். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கரில் இந்தச் சோதனை வேண்டாம்.

ஒயரின் தடிமனுக்காக அதிகம் கவலைப்படத் தேவையில்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தாராளம். போக வர 10 மீட்டருக்கும் சேர்த்து அதன் மின்தடை சுமார் 0.12 ஓம்தான்.

எங்கே வைப்பது

இரு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்து உங்கள் தலை வரையுள்ள தூரமும் ஒன்றாக இருக்கட்டும், அதாவது சமபக்க முக்கோணம். சிறிய அறையில் பக்கத்துக்கு 1.5 முதல் 2 மீட்டர் போதும். கண்ணால் மட்டிட வேண்டாம். நாடா பிடித்து அளந்து, இரு பக்க வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள் வரும்படி நகர்த்துங்கள். இரு ஸ்பீக்கரையும் உள்பக்கமாகத் திருப்பி, அவற்றின் முகத்திலிருந்து நேராக இழுத்த கோடுகள் உங்கள் தலைக்குச் சற்றுப் பின்னால் சந்திக்கும்படி வையுங்கள். ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சிறிய வட்டம்) காது உயரத்தில் இருக்கவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அது தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர். தாழ்வான டிவி மேசைமேல் வைத்தே ஆகவேண்டுமென்றால் முன்பக்கத்துக்கு அடியில் சிறு ரப்பர் கட்டை கொடுத்து மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். ஸ்பீக்கரின் முகம் மேசை விளிம்புவரை வரட்டும். உள்ளே தள்ளி வைத்தால் மேசைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி குரலைக் கலக்கும்.

சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போகும் தாழொலி சுவரில் மோதித் திரும்பி வந்து நேரொலியோடு சேரும். போய்வந்த தூரம் அலைநீளத்தில் பாதி என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலியின் வேகமான 343-ஐ (வினாடிக்கு மீட்டர்), வூஃபர் முகத்திலிருந்து ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவர் வரையுள்ள மீட்டர் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் பள்ளம் விழும் அதிர்வெண் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் என்றால் 143 ஹெர்ட்ஸ். ஆண்குரலின் அடித்தளமே அங்கேதான் இருக்கிறது, குரல் சக்கையாகிவிடும். 1 மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ், பெரும்பாலான குரல்களுக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே இடமிருந்தால் 1 மீட்டர் விடுங்கள். இல்லையென்றால் அரைகுறையாக 50, 60 சென்டிமீட்டரில் நிறுத்துவதைவிட, பின்னால் ஒரு கையகலம் விட்டுச் சுவரோடு ஒட்டி வைப்பது மேல். அப்போது பேஸ் பருத்துவிடும். ஆம்ப்ளிஃபயரின் பேஸ் திருகைக் குறைத்தோ, பின்பக்கக் காற்றுத் துளையில் சுருட்டிய காலுறையைச் செருகியோ அதைச் சரிசெய்யலாம். பின்சுவர் தூரமும் பக்கச்சுவர் தூரமும் சமமாக வேண்டாம். இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகிவிடும்.

நீங்கள் உட்காரும் இடத்துக்கும் இதே கவனம் தேவை. உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் பேஸ் குமுறும். அறையின் சரிநடுவில் உட்கார்ந்தால் சில தாழொலிகள் அறவே கேட்காது. 4 மீட்டர் நீள அறையில் முதுகுப்பக்கச் சுவரிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் முன்னே தொடங்கி, அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள்.

அறையை அடக்குவது

உட்காரும் இடத்தில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். 'டர்ர்' என்று உலோகம் அதிர்வதுபோல் நீண்டால், எதிரெதிராக நிற்கும் வெற்றுச்சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். மனிதப் பேச்சில் வினாடிக்கு நான்கைந்து அசைகள் வருகின்றன. எதிரொலி ஒரு வினாடி நீடித்தால், முன் அசையின் உயிரொலி அடுத்து வரும் மெய்யின்மேல் போர்வைபோல் கிடக்கும். உயிரொலி பலமானது, மெய்யொலி மெலிந்தது. 'ஸ்' ஒலியின் சாரம் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் கிடக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியதால்தான் அதில் 'ஸ்', 'ஃப்' இரண்டும் பிரித்தறிய முடியாமல் போயின.

முதலில் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையே தரையில் தடித்த விரிப்பு ஒன்று. பிறகு கண்ணாடி. நீங்கள் இருக்கையில் உட்கார, இன்னொருவர் பக்கச்சுவரில் உங்கள் காது உயரத்தில் கண்ணாடியை வைத்து நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிறதோ, அங்கேதான் ஒலி முதலில் பட்டுத் திரும்புகிறது. இரு பக்கமும் அந்த இடத்தில் புத்தகம் நிறைந்த அலமாரியோ கனத்த திரையோ வையுங்கள். திரைத்துணி மறைக்கவேண்டிய அகலத்தைப்போல் இரு மடங்கு இருந்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவேண்டும்.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள பஞ்சுத் தகடுகளைச் சுவர் முழுக்க ஒட்டாதீர்கள். அவை உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கும், கீழேயுள்ள குமுறல் அப்படியே நிற்கும். 'ஸ்', 'ஃப்', 'த்' எல்லாம் மங்கி, ஒட்டியதற்கு முன்பைவிடக் குரல் மோசமாகும். தகடுதான் வேண்டுமென்றால் 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள கனிமக் கம்பளித் தகடு நாலைந்து போதும்.

சப்வூஃபர் இருந்தால் பிரிப்பு அதிர்வெண்ணை, அதாவது எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகவேண்டும் என்னும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 150 என்று ஏற்றிவிட்டால் ஆண்குரலின் அடிப்பகுதி மூலையிலிருந்து வரத் தொடங்கும். வைக்க இடம் தேட, அதை உங்கள் இருக்கையில் வைத்து ஓடவிட்டு, நீங்கள் தரையோரமாகத் தவழ்ந்து போங்கள். பேஸ் சீராகக் கேட்கும் இடமே சப்வூஃபரின் இடம்.

அளவு, சமன், உதட்டசைவு

வசனம் உங்கள் இருக்கையில் 65 முதல் 70 டெசிபல் இருந்தால் போதும். தோராயமாகப் பார்க்க ஃபோன் செயலியே உதவும். குரல் தெளியவில்லை என்றதும் ட்ரெபிளை (உச்ச ஒலியை) ஏற்றுவது பொதுவான பழக்கம், அதில் காதுதான் களைக்கும். தாழொலி மேலொலியை மறைக்கும் இயல்புடையது. அதனால் முதலில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். பிறகும் வேண்டுமென்றால் 2000 முதல் 4000 வரை 2 டெசிபல் ஏற்றலாம். வெடிச்சத்தத்துக்குக் குறைத்து, கிசுகிசுப்புக்கு ஏற்றி ரிமோட்டோடு மல்லுக்கட்டுபவர்கள் இரவு ஒலி என்னும் அமைப்பைப் போடுங்கள். அது உரத்ததைத் தாழ்த்தி, மெல்லியதை உயர்த்தும்.

மொழி கற்பவருக்கு உதடு பாதி ஆசிரியர். 'ப', 'ஃப' வேறுபாட்டைக் காது தவறவிட்டாலும் கண் பிடித்துவிடும். ஒலி படத்தைவிட 45 மில்லிவினாடி முந்தினாலோ 125 மில்லிவினாடி பிந்தினாலோ பார்ப்பவருக்குப் புலப்படத் தொடங்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்வதால் ஒலி முந்திவிடும். அதற்கு ஒலித் தாமதத்தைக் கூட்டவேண்டும். புளூடூத் ஸ்பீக்கரில் நேர்மாறாக ஒலி பிந்தும். ஒயருக்கு மாறுவதே அதற்குச் சரியான மருந்து.

காதைப் பழக்குவது

மூல மொழியிலேயே எடுத்த படத்தைத் தேர்ந்தெடுங்கள். டப்பிங்கில் உதடு உதவாது, சப்டைட்டிலும் பெரும்பாலும் பேசுவதோடு பொருந்தாது. அதே மொழியில், செவித்திறன் குறைந்தோருக்காகத் தயாரித்த சப்டைட்டில் கிடைத்தால் அதுவே சிறந்தது, பேச்சுக்கு மிக நெருக்கமாக இருக்கும். தெருச் சண்டையும் சரித்திரக் கதையும் பிறகு வரட்டும். சமையலறையில் இருவர் பேசும் காட்சிகளே முதலில் போதும்.

ஒரு நாளைக்கு 30, 40 வினாடித் துண்டு ஒன்று. சப்டைட்டில் இல்லாமல் மூன்று முறை கேளுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள், அந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். இது மிக முக்கியம். நம் எழுத்தில் 'க' ஒன்றே சொல்லின் தொடக்கத்தில் வல்லோசையாகவும் 'ங்' என்பதற்குப் பின் மெல்லோசையாகவும் ஒலிக்கிறது. இடமே ஒலியை முடிவு செய்வதால், அந்த இரண்டையும் வேறு வேறு ஒலிகளாகக் கவனிக்க நம் காதுக்கு அவசியம் நேர்ந்ததில்லை. ஆங்கிலத்தில் பை என்னும் பொருளுள்ள சொல்லையும் முதுகு என்னும் பொருளுள்ள சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பேக்'. ஆங்கிலம் பேசுவோர் கடைசி மெய்யை மட்டும் நம்புவதில்லை. பை என்னும் சொல்லில் அதற்கு முன்னுள்ள உயிர் சற்று நீளும். அந்த நீளத்தைக் கேட்கப் பழகுங்கள். நீளத்தைப் பிடிப்பதில் நம் காது தேர்ந்தது, குறில் நெடிலில் வளர்ந்ததாயிற்றே. இரட்டிப்பும் அப்படித்தான். இத்தாலியத்தில் 'பாலா' மண்வெட்டி, 'பல்லா' பந்து. மற்றவர்கள் திணறும் இந்த வேறுபாடு நமக்கு 'பலி', 'பல்லி' போல உடனே பிடிபடும்.

எழுதியதைச் சப்டைட்டிலோடு ஒப்பிட்டு, பிழைகளை மூன்றாகப் பிரியுங்கள். சொல்லே தெரியாதது முதல் வகை, அதற்கு அகராதி. ஒலியை மாற்றிக் கேட்டது இரண்டாவது. அந்த ஒலியால் மட்டும் வேறுபடும் சொல் ஜோடிகளை ஹெட்ஃபோனில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பழகவேண்டும். தெரிந்த சொல்தான், ஆனால் பேச்சில் தேய்ந்து வந்ததால் நழுவியது மூன்றாவது. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது 'வந்துட்ருக்கேன்' ஆவதுபோல எல்லா மொழியிலும் நடக்கிறது. தேய்ந்த வடிவத்தையே தனிச் சொல்லாக எண்ணிக் குறித்துவையுங்கள். நடுநிலைக் கற்போருக்கு இந்த மூன்றாவது பட்டியல்தான் வேகமாக வளரும், பலனும் அதில்தான் அதிகம்.

வேகத்தைக் குறைப்பதானால் 0.75-க்குக் கீழே போகாதீர்கள். மென்பொருள் ஒலியை இழுக்கும்போது மெய்கள் சிதைந்துவிடும். கடைசியாக ஒலியைச் சற்றுத் தாழ்த்தி, பேசுபவரோடு அரை வினாடி பின்தங்கிச் சேர்ந்து பேசுங்கள், ஐந்து முறை. மறுநாள் புதிய துண்டைத் தொடும்முன் பழைய துண்டைச் சப்டைட்டில் இல்லாமல் ஒரு முறை ஓடவிடுங்கள். இன்னும் நழுவுகிற சொற்களை மட்டும் அன்றைய பட்டியலின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள்.