மேமோகிராம் வண்டி கிளம்பிய பிறகு

மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க மார்பகத்தை எக்ஸ்ரே படம் எடுக்கும் எங்கள் மேமோகிராம் வண்டியோடு போன மாதம் அரூர் பக்கம் ஒரு முகாம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்: "எல்லாவற்றுக்கும் காப்பீடு உண்டு, பயப்படாமல் வாருங்கள்." பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லித் திரிந்தேன். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற மறப்பது, அறுவடை நாளில் முகாம் வைப்பது போன்ற தவறுகளை ஊர்க்காரர்களே திருத்திவிடுவார்கள். காப்பீட்டு விஷயத்தில் அப்படித் திருத்த ஆள் இல்லை.

"எல்லாவற்றுக்கும் காப்பீடு உண்டு"

இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். சில பரிசோதனைகளும் அதில் அடக்கம். ஆனால் அவை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை வழியாக நடக்க வேண்டும். எங்கள் வண்டி நன்கொடையில் ஓடுகிறது, அதனால் இலவசம். இரண்டையும் குழப்பினால், வண்டியில் இலவசமாகப் படம் எடுத்தவர் அடுத்து எந்த வாசலில் ஏறினாலும் இலவசம் என்று நம்பிப் போவார்.

"பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்"

இந்த ஒரு வரியை இன்று கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆடு மேய்க்கும் அக்கா ஒருவருக்குப் படத்தில் சந்தேகம் தெரிந்தது. சீட்டைக் கையில் கொடுத்து இதைத்தான் சொன்னேன். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்தப் பிரிவு, ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பக்கத்து ஊரில் இரண்டு மாடி கட்டிய நர்சிங் ஹோம். "கட்டிதானே, எடுத்துவிடலாம்" என்றார்களாம். தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்து 38,000 ரூபாய் கட்டினார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவே இல்லை. ஏழு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் கட்டி. அரசு மருத்துவமனையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அவர் கணவர் பில்லை என்னிடம் நீட்டி, "அட்டை வீட்டுல இருக்குதே அம்மா, இந்தப் பணம் திரும்ப வராதா?" என்றார். வராது. சேர்ந்த மருத்துவமனை முன் அனுமதி கேட்கும், அனுமதி வந்ததும் சிகிச்சை நடக்கும், பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். வெளியே ரொக்கமாகக் கட்டியதைத் திருப்பித் தருகிற வழி அதில் இல்லை. அட்டை அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

இப்போது சீட்டிலேயே மருத்துவமனையின் பெயர், பிரிவு, கிழமை மூன்றையும் எழுதுகிறேன். பணம் கட்டும் இடத்துக்குப் போகுமுன் காப்பீட்டுத் திட்ட மேசைக்குப் போகச் சொல்கிறேன். ஊசியால் சதை எடுத்துப் பரிசோதிக்காமல் யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள் என்று கூட வந்தவரிடமும் சொல்கிறேன். அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையென்றால் அட்டை வரட்டும் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துப் போன் செய்கிறேன். பாதிப் பேர் போயிருக்க மாட்டார்கள்.

அந்தப் புதுப் பெண் அன்று மாலை கொடுத்த சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். அதே வரி.

குடும்ப அட்டையைப் பார்க்காமல் விடுவது

முதலமைச்சர் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் மட்டும் போதாது. குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருடமாகியும் அப்பா வீட்டு அட்டையிலேயே பெயர் கிடக்கும் பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். கணவர் விட்டுப்போனவர்கள் நிலை இன்னும் மோசம். பெயர் மாற்றி, வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்ய நிறைய அலைய வேண்டும். கட்டி தெரிந்த பிறகு அலைய வைக்காதீர்கள். முகாமுக்கு முந்தின வாரமே கேளுங்கள்.

முடிவு வந்த பிறகு பாலிசி

படத்தில் சந்தேகம் தெரிந்ததை மறைத்துப் புதிதாகப் பாலிசி எடுக்கச் சொல்லும் காப்பீட்டு முகவரை முகாம் பக்கமே விடாதீர்கள்.

ரசீதைத் தூக்கிப் போடுவது

மகன் திருப்பூரில் வேலை பார்ப்பார், கம்பெனிக் காப்பீட்டில் அம்மா பெயரும் இருக்கும், அம்மாவுக்கே அது தெரியாது. பல பாலிசிகளில், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாளில் அதே நோய்க்காகச் செய்த பரிசோதனைச் செலவையும் கேட்டு வாங்கலாம். சதைப் பரிசோதனை, ஸ்கேன் ரசீதுகளோடு மருத்துவரின் சீட்டும் வேண்டும். நான் பழைய சேலைக்கடைப் பை ஒன்றைக் கொடுத்து, எல்லாவற்றையும் அதில் போடச் சொல்கிறேன். நாங்கள் தரும் பிளாஸ்டிக் கோப்பு பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது.